ரேடியோவில் மேட்ச் ‘பார்த்த’ காலம்: சேப்பாக்கம் பள்ளிகொண்டாவுக்கு வந்த கதை!

மேட்ச் ஸ்கோர் தெரியணும்னா இப்போ என்ன செய்வீங்க? போனை எடுத்து ஒரு தட்டு. ரெண்டு செகண்ட் வேலை. 40, 45 வருஷத்துக்கு முன்னாடி, பள்ளிகொண்டாவில் டி.வி இல்லாத வீட்டில் இருந்த ஒருவருக்கு ரெண்டே வழிதான். மறுநாள் காலை பேப்பர் வரும்வரை காத்திருக்கணும். இல்லைன்னா ரேடியோ இருக்கும் டீக்கடைக்குப் போய் நிக்கணும்.

அந்த ரேடியோவில் வந்த மேட்சுக்குப் பின்னால் கிட்டத்தட்ட 100 வருஷக் கதை இருக்கு. ஒரு கிளப், ஒரு மைக், தமிழில் பேசத் துணிந்த சில குரல்கள், நடுவில் ஒரு சுப்ரீம் கோர்ட் கேஸ். அமெரிக்காவில் இருப்பதுபோல 24 மணி நேர விளையாட்டு ரேடியோ நமக்கு அமையவில்லை. ஆனா மேட்ச் நடக்கும் நாட்களில் சென்னை வானொலியே நம்ம ஸ்போர்ட்ஸ் ஸ்டேஷனாக மாறியிருக்கு. அது எப்படி வந்தது, ஏன் மங்கியது, இன்னிக்கு நம்ம ஊருக்கு அப்படி ஒண்ணு சாத்தியமா? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

40 வாட்டில் ஆரம்பித்த ஆட்டம்

இந்தியாவின் ஆரம்பகால ரேடியோ முயற்சிகளில் முக்கியமான ஒன்று நம்ம சென்னையில் நடந்தது. 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’பை ஆரம்பித்தார். அந்த ஆண்டு ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். பழைய மாடல் சீலிங் ஃபேன்கூட அதைவிட அதிக கரன்ட் எடுக்கும்.

பணம் கட்டுப்படியாகாமல் 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயின. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. யோசிச்சுப் பாருங்க, குப்பை அள்ளும், அன்று குழாய்த் தண்ணீரும் விட்ட அதே மாநகராட்சி சாயங்காலத்தில் பாட்டும் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-ம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகு, மாநகராட்சி ரேடியோ ஓய்வு பெற்றது. அடுத்த வருடம் திருச்சி நிலையமும் வந்தது.

கண்ணால் பார்ப்பதைக் காதுக்குச் சொல்வது எப்படி?

பாட்டை ஒலிபரப்புவது சுலபம். பாடகர் பாடுவார், மைக் பிடித்துக்கொள்ளும். விளையாட்டில் அப்படி இல்லை. மைக்கை மைதானத்தில் வைத்தால் வெறும் இரைச்சல்தான் வரும். நடுவில் ஒருவர் பார்த்துச் சொல்லணும்.

இதை முதலில் செய்து பார்த்தவர்களில் அமெரிக்காவின் கே.டி.கே.ஏ ஸ்டேஷன் முக்கியமானது. 1921 ஏப்ரலில் குத்துச்சண்டை, ஆகஸ்ட்டில் பேஸ்பால் என்று நேரடியாக ஒலிபரப்பியது. 1927 ஜனவரி 22-ல் பி.பி.சி முதல்முறையாக ஒரு கால்பந்துப் போட்டியை ஒலிபரப்பியபோது ஒரு சூப்பர் ஐடியா செய்தார்கள். ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் மோதிய அந்த மேட்சுக்கு முன்பாக, மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எண் போட்டு, பத்திரிகையில் படமாக அச்சிட்டார்கள். வர்ணனையாளர் ஆட்டத்தைச் சொல்ல, கூட இருந்த இன்னொருவர் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணைச் சொல்வார். வீட்டில் இருப்பவர் படத்தில் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். இன்னிக்கு ஸ்கோர் ஆப்பில் மைதானத்தைப் படமாகக் காட்டுகிறார்களே, அதற்கு இது தாத்தா.

இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனைக்குப் பிள்ளையார் சுழி போட்டவராகச் சொல்லப்படுபவர் பாபி தல்யார்கான். 1934-ல் பம்பாயில் நடந்த போட்டியை ஆங்கிலத்தில் வர்ணித்தார். அதே 1934 பிப்ரவரியில்தான் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் மேட்ச் நடந்தது. ஆட்டமும் மைக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நம்ம பக்கம் வந்து சேர்ந்தன.

பிறகு ஆங்கில வர்ணனையில் சென்னைக்காரர்களும் பேர் வாங்கினார்கள். 1954-55 சீஸனில் மெட்ராஸ் அணி முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தபோது கேப்டனாக இருந்தவர் பாலு அழகனான். ஆட்டத்தை விட்டபிறகு மைக்கைப் பிடித்தார். கேப்டனாக இருந்தவர் வர்ணனைக்கு வருவது இன்னிக்கு சாதாரணம். அந்தப் பாதையில் முன்னால் போனவர்களில் அவரும் ஒருவர்.

160 கி.மீ தூரத்தை அலை எப்படித் தாண்டியது?

பள்ளிகொண்டாவிலிருந்து சென்னை சுமார் 160 கி.மீ. சென்னையின் பண்பலை, அதாவது எஃப்.எம், இங்கே வரை கேட்காது. எஃப்.எம் அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும். பூமியின் வளைவும் மலையும் வந்தால் நின்றுவிடும். வேலூரைச் சுற்றி மலைக்கு என்ன பஞ்சமா?

ஆனால் மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், வேறு ரகம். அது பூமியின் வளைவை ஒட்டியே தவழ்ந்து போகும். ராத்திரியில் இன்னும் சுவாரஸ்யம். வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி, பல நூறு கி.மீ தள்ளி இறங்கும். இரவில் இலங்கை வானொலி தமிழ்நாட்டு வீடுகளில் தெளிவாகக் கேட்டதற்கும் இதுவே காரணம். சென்னை வானொலியின் ‘ஏ’ அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். 1924-ன் அந்த 40 வாட்டோடு ஒப்பிட்டால் 5,000 மடங்கு. பாலாறு தாண்டி மேட்ச் வந்தது இப்படித்தான்.

பயணம் இதுதான்: சேப்பாக்கத்தில் வர்ணனையாளர் பேசுவார். அவர் குரல் வாடகைக்கு எடுத்த தனி டெலிபோன் லைன் வழியாக வானொலி நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு. அங்கிருந்து காற்றில். நடுவில் லைன் கரகரவென்றால், பள்ளிகொண்டாவில் கேட்பவர் ரேடியோ தலையில் ஒரு தட்டு தட்டுவார். பாவம், தப்பு ரேடியோ மேல் இருக்காது!

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆச்சர்யமா இருக்கும். அப்போ வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேணும். போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி, சின்ன புத்தகத்தில் முத்திரை வாங்கணும். 1980-களின் நடுவில்தான் இந்த முறை போனது. டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்றது ஏன்னு இப்போ புரியுதா? 1960-களுக்குப் பிறகு கையடக்க டிரான்ஸிஸ்டர் பரவியதும் நிலைமை மாறியது. வயலுக்கும் கடைக்கும் மேட்ச் கூடவே போனது. சேப்பாக்கம் கேலரியில் உட்கார்ந்து ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள்கூட காதில் டிரான்ஸிஸ்டரை வைத்துக்கொண்டார்கள். பந்து எங்கே சுழன்றது என்பதைக் கண்ணைவிட வர்ணனை நன்றாகச் சொன்னது.

மைக் தமிழ் பேசியது

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். வருஷக்கணக்காக கிரிக்கெட் ரேடியோவில் ஆங்கிலமும் ஹிந்தியும்தான் மாறி மாறி ஒலித்தன. இரண்டும் தெரியாதவருக்கு? ‘ஃபோர்’, ‘அவுட்’, கூட்டத்தின் சத்தம்... இந்த மூன்றை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1980-களில் சென்னை வானொலி சேப்பாக்கம் ஆட்டங்களைத் தமிழில் கொடுக்க ஆரம்பித்தபோது அந்தக் கதவு திறந்தது. ‘நேர்முக வர்ணனை’ என்ற சொல்லே வீட்டுச் சொல்லானது. அந்தக் குரல்களில் முதலில் நினைவுக்கு வருபவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். இலங்கை வானொலி நாடகங்களில் நடித்துப் பழகிய குரல் அவருடையது. எங்கே ஏற்றணும், எங்கே இறக்கணும், எங்கே ஒரு நொடி மௌனமாக இருக்கணும் என்பது நாடக நடிகருக்குத் தெரியும். கிரிக்கெட்டுக்கும் அதுதானே வேணும்? 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அவர் குரலில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே சோஷியல் மீடியாவில் நினைவுகளைப் பகிர்ந்தது.

அவரோடு ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோரின் குரல்களும் சேர்ந்து ஒலித்தன. கூத்தபிரானைச் சிறுவர் நிகழ்ச்சியின் ‘வானொலி அண்ணா’வாகவும் தெரிந்தவர்கள் நிறைய. நாடகம், சிறுவர் நிகழ்ச்சி என்று ரேடியோவில் ஊறியவர்கள்தான் கிரிக்கெட்டுக்கும் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள்.

அது லேசான வேலை இல்லை. ‘பந்து வீச்சாளர்’, ‘மட்டை’, ‘எல்லைக்கோடு’, ‘ஓட்டம்’ எல்லாம் சரி. ‘சில்லி பாயின்ட்’டுக்கு என்ன சொல்வீங்க? ‘லெக் பை’க்கு? முழுக்க மொழிபெயர்த்தால் ரசிகருக்குப் புரியாது. முழுக்க ஆங்கிலமாக விட்டால் தமிழ் வர்ணனை எதற்கு? அதனால் கேட்பவர் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் அசைவை மட்டும் நல்ல தமிழில் சொல்லும் வழி உருவானது. இன்று டி.வி-யில் நீங்கள் கேட்கும் தமிழ் கமென்ட்ரிக்கும் அடித்தளம் இதுதான்.

ரேடியோ வர்ணனைக்கு ஒரு பொன் விதி உண்டு: ஸ்கோரைச் சொல்லிக்கொண்டே இரு. இப்போதான் ஒருவர் ரேடியோவைத் திருகியிருப்பார், அவருக்கு எதுவும் தெரியாது. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் இதற்காகவே முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மணல் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மணல் இறங்கி முடிந்தால் ஸ்கோர் சொல்லி, திருப்பி வைப்பார்.

காதில் ரத்த அழுத்தம் ஏற்றிய மூன்று மேட்ச்

1983 ஜூன் 18: உலகக் கோப்பை. ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் 175 நாட் அவுட். பி.பி.சி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் இந்த ஆட்டத்துக்கு வீடியோவே கிடையாது. ஒருவர் சொல்லித்தான் மற்றவருக்குத் தெரிந்த இன்னிங்ஸ் அது. ஒரு வாரம் கழித்து ஃபைனலில் இந்தியாவின் அதிகபட்ச ஸ்கோர் நம்ம ஸ்ரீகாந்த் அடித்த 38.

1986 செப்டம்பர் 22: சேப்பாக்கம், ஆஸ்திரேலியா. 348 இலக்கு. கடைசி ஓவரில் 4 ரன் வேணும், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி முதலில் 2, அடுத்து 1. ஸ்கோர் சமம். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. டை! டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறையாக நடந்த அதிசயம். ஜெயிச்சதா, தோத்ததா என்று கேட்டவருக்கு ‘ரெண்டும் இல்லை’ என்று புரிய வைப்பது வர்ணனையாளருக்கு எவ்வளவு பெரிய சவால்!

1987 அக்டோபர் 9: மறுபடி சேப்பாக்கம், மறுபடி ஆஸ்திரேலியா, உலகக் கோப்பை. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு முதலில் நான்கு கொடுத்தார்கள். இன்னிங்ஸ் இடைவேளையில் அது ஆறாக மாற்றப்பட்டது. 268 என்று இருந்தது 270 ஆனது. இந்தியா 269-ல் ஆல் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. பேப்பரும் பென்சிலுமாக ரேடியோ பக்கத்தில் ஸ்கோர் எழுதியவர்கள் அடித்துத் திருத்திய கணக்கு அது.

ஒரு கிரிக்கெட் கேஸ் திறந்த வானம்

டி.வி வீட்டுக்கு வீடு வந்ததும் ரேடியோவின் மவுசு குறைந்தது. கூடவே இன்னொரு பிரச்னை: மேட்சை ஒலிபரப்பும் உரிமை யாருடையது?

1993-ல் ஹீரோ கோப்பை நடந்தபோது, வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அரசுத் தரப்பு எதிர்த்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் போனது. 1995 பிப்ரவரி 9-ல் வந்த தீர்ப்பு, காற்றலைகள் அரசின் தனிச்சொத்து அல்ல, பொதுச்சொத்து என்று சொன்னது. இன்னிக்கு நீங்க கேட்கும் தனியார் எஃப்.எம், சமுதாய வானொலி எல்லாவற்றுக்கும் வழி விட்ட முக்கியமான தீர்ப்பு இது. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம் 2001 ஜூலையில் பெங்களூரில் வந்தது. 2004 பிப்ரவரி 1-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்.எம்’ தொடங்கி, இந்தியாவின் முதல் கேம்பஸ் சமுதாய வானொலி ஆனது.

வேடிக்கை என்னன்னா, கிரிக்கெட் கேஸ் திறந்துவிட்ட எஃப்.எம்-மில் கிரிக்கெட்டுக்கு இடமில்லை. பெரிய போட்டிகளின் உரிமை கோடிகளில் விலை போகிறது. எஃப்.எம் விதிகளும் நேரடி விளையாட்டு ஒலிபரப்பைத் தடுக்கின்றன. வானொலியே 2019 செப்டம்பரில்தான் பி.சி.சி.ஐ-யோடு ரெண்டு வருட ஒப்பந்தம் போட்டு வர்ணனையைத் தொடர்ந்தது. தமிழ் கமென்ட்ரி இதற்குள் டி.வி-க்கு இடம் மாறிவிட்டது. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்தது. இப்போ ஐ.பி.எல் பார்க்க மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கவனிக்க வேண்டிய ஒரு வரி

2011-ல் வந்த மூன்றாம் கட்ட எஃப்.எம் கொள்கையில் ஒரு விலக்கு இருக்கு. பெரிய போட்டிகளை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஆனால் உள்ளூர்த் தன்மையுள்ள விளையாட்டுப் போட்டிகளுக்கு நேரடி வர்ணனை அனுமதிக்கப்படலாம்!

அதாவது, ஐ.பி.எல் முடியாது. ஆனால் மாவட்ட கபடி? உள்ளூர் கால்பந்து? பள்ளிகளுக்கு இடையிலான ஹாக்கி? அதற்கு விதியில் இடம் உண்டு. இருந்தும் எஃப்.எம்-மைத் திருப்பினால் சினிமா பாட்டுதான். காரணம் சிம்பிள்: பாட்டுக்கு ஒருவர் போதும். வர்ணனைக்கு மைதானத்துக்கு ஆள், கருவி, நேரம், கற்றுக்கொண்ட குரல் வேணும். விளம்பரமும் வரணும்.

நியூயார்க்கில் 1987 ஜூலை 1-ல் ‘டபிள்யூ.எஃப்.ஏ.என்’ என்ற ஸ்டேஷன் 24 மணி நேரமும் விளையாட்டு என்று ஆரம்பித்தது. தாங்காது என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் அது நின்றது. அங்கே நேரடி மேட்ச் மட்டும் இல்லை. ரசிகர் போன் போட்டு, ‘நேத்து கோச் ஏன் இவனை இறக்கலை?’ என்று சண்டை போடுவார். உள்ளூர் டீம் மேல் உள்ள அந்தக் கோபமும் பாசமும்தான் ஸ்டேஷனின் மூலதனம்.

நம்ம பெல்ட்டுக்கு ஒண்ணு சாத்தியமா?

இந்தப் பக்கத்தின் வேலை முறையைப் பாருங்க. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் டேனரியும் ஷூ கம்பெனியும் இருக்கும் ஊர்கள். தைப்பவர் கண் ஊசியில் இருக்கணும், கை தோலில் இருக்கணும். சும்மா இருப்பது காது மட்டும். டி.வி-யும் போனும் கண்ணைக் கேட்கும். ரேடியோ கேட்காது. சமையலறை, லாரி கேபின், கடை கல்லா எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

கதை சொல்லவும் ஆள் இருக்காங்க. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டுகோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் தொடர்ந்து தங்கம் வாங்கினார். அந்தத் தங்கம் நம்ம காதுக்கு வெளியூர் செய்தியாகத்தான் வந்தது. அவருக்கு அடுத்து அதே ஊரில் பயிற்சி எடுக்கும் பசங்களின் ஸ்கோரை யார் சொல்லுவாங்க?

லைசென்ஸ் வழி என்ன? சமுதாய வானொலிக்குத் தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. கல்வி நிறுவனம், பதிவு பெற்ற தொண்டு அமைப்பு போன்றவை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விண்ணப்பிக்கலாம். லாப நோக்கு கூடாது, அரசியல் கட்சிக்கு இடமில்லை. சக்தி பொதுவாக 100 வாட் வரை, டவர் 30 மீட்டர் வரை. நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கோடு உருவாகணும். சுமார் 10 கி.மீ சுற்றளவுக்குக் கேட்கும். பள்ளிகொண்டாவில் வைத்தால் வேலூரும் ஆம்பூரும் எட்டாது. ஆனால் சுற்றியுள்ள ஊர்களின் ஸ்கூல் டீம்களைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்களைப் பற்றியும் பேச அது போதும்.

குரலும் ஏற்கெனவே இருக்கு. ஊர்த் திருவிழா கபடியில் மைக் செட் பிடித்து, ‘ரைடர் உள்ளே போறார்... போனஸ் கோட்டைத் தொட்டாச்சு...’ என்று மூச்சு விடாமல் பேசும் அண்ணனைக் கேட்டிருப்பீங்க. இப்போ அந்த மைக் யூடியூப் லைவுக்கும் போயிடுச்சு. தமிழோடு உருதும் தெலுங்கும் கலந்து பேசும் இந்தப் பக்கத்தில் அவருக்கு எந்தச் சொல் யாருக்குப் புரியும் என்பதும் அத்துப்படி. அவருக்குத் தேவை பயிற்சியும் ஒரு அலைவரிசையும்தான்.

சட்டுனு பார்க்க ஒரு டைம்லைன்

1924: மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு
1930: சென்னை மாநகராட்சி ரேடியோ
1934: சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட், பம்பாயில் கிரிக்கெட் வர்ணனை
1938: அகில இந்திய வானொலி சென்னை நிலையம்
1980-கள்: சென்னை வானொலியில் தமிழ் கிரிக்கெட் வர்ணனை
1995: ‘காற்றலை பொதுச்சொத்து’ தீர்ப்பு
2004: அண்ணா எஃப்.எம்
2011: உள்ளூர் விளையாட்டு வர்ணனைக்கு எஃப்.எம் கொள்கையில் இடம்
2017: டி.வி-யில் தமிழ் விளையாட்டு சேனல்

சேப்பாக்கத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தவர்கள், ஆங்கிலம் தெரியாத ஒரு ரசிகரை மைதானத்துக்குள் கூட்டிப் போனார்கள். இன்று பெரிய ஆட்டத்துக்குத் தமிழ் எங்கும் கிடைக்கிறது. குரல் கிடைக்காமல் இருப்பது பக்கத்துத் தெரு ஆட்டத்துக்குத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்க ஊர் கிரவுண்டில் மேட்ச் நடந்தா, போன் ரெக்கார்டரை ஆன் பண்ணி ஒரு ஓவரை வர்ணிச்சுப் பாருங்க. அந்த மேட்சைப் பார்க்காத ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டுங்க. பந்து எங்கே போச்சுன்னு அவருக்குப் புரிஞ்சுதுன்னா, பள்ளிகொண்டா ஸ்போர்ட்ஸ் ரேடியோவுக்கு முதல் அறிவிப்பாளர் ரெடி!